தூணுக்குள் வேப்பிலை

வெளியே மழை விட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. ஆர்கேடு என்கிற எங்கள் கடைவீதிக்குள் இன்னும் பெய்துகொண்டிருந்தது.

கண்ணாடிக் கூரையின் இரண்டு ஓரங்களிலும் தண்ணீர் திரை கட்டினாற்போல் விழுந்தது. நடுப்பாதையில் கணுக்கால் அளவு நின்றது. செல்போன் கடைக்காரர் சரக்கை மேசைமேல் ஏற்றி, அதன் பக்கத்தில் தானும் ஏறி உட்கார்ந்திருந்தார்.

பகல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கிய பெண்கள் நாலைந்து பேர் மடக்கிய குடையோடு உள்ளே வந்தார்கள். இரண்டு அடி வைத்ததும் மறுபடி விரித்தார்கள். ஒருத்தி கேட்டுக்கு மேலே தொங்கிய பழைய போர்டைக் காட்டினாள்.

"ஏய், இங்க குடை விரிக்கக் கூடாதாம்டி."

"அப்ப தலைல ஹெல்மெட் போட்டுக்கிட்டு வருவோமா?"

சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்கள்.

நான் தென்னந்துடைப்பத்தால் தண்ணீரைக் கேட் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தேன். கட்டடத்தின் சொந்தக்காரர் வேலாயுதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் நின்று கூரையைப் பார்த்தார்.

"இன்னாய்யா ராசு, ஊர்ல எல்லாம் மழை நின்னு போச்சு. நம்ம தாவுல மட்டும் நிக்க மாட்டேங்குது."

"நிக்கும் மொதலாளி."

"நிக்கும், நிக்கும். தீவாளி முடிஞ்சா எல்லாமே நின்னுடும். ஆஸ்டல் கட்றவன் வந்து அளந்து பாத்துக்கினு போயிட்டான். இத்தப் பிரிச்சுப் போட்டுட்டு நாலு மாடி ஏத்தறேங்கறான். அடுத்த மழைக்கு இது இருக்காது."

என்னிடம் சொல்வதுபோல் சொன்னாலும், கடைசிக் கடையில் தையல் மெஷினைச் செங்கல்மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்த எஸ்தரின் காதில் விழட்டும் என்றுதான் உரக்கச் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொரு செங்கல்லை எடுத்து வைத்தாள்.

நேராக வராதவன்

போன வாரம் இந்தத் தொடரில், சூரத்தில் சாயப்பட்டறையை விட்டுக் கிளம்பியதோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து நேராக இந்த ஒரகடத்துக்கு வந்து சேர்ந்தேன் என்று எழுத ஆசைதான். நேராக எங்கேயும் போய்ப் பழக்கமில்லை எனக்கு. எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்ட நாளிலிருந்து அப்படித்தான்.

நடுவில் நாமக்கல் லாரி ஒன்றில் கிளீனராக இருந்தேன். மறைமலை நகரில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவினேன். கையில் சேற்றுப்புண் வந்ததால் அதை விட்டேன். சுங்குவார்சத்திரத்தில் ஒரு டீக்கடையில் தங்கியிருந்தபோது, வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குக் கிருத்திகைக் கூட்டத்தோடு நடந்து போனேன். சாமியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரும் வழியில், சாலையோரத்தில் ஒரு இரும்பு கேட்டைப் பார்த்தேன்.

முன்பே பார்த்த கேட்டாக இருந்தது.

உள்ளே போனேன். இரண்டு பக்கமும் கடைகள், நடுவில் பாதை, மேலே கண்ணாடி. இரண்டு வரிசையில் பச்சை அடித்த இரும்புத் தூண்கள். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு பூ. அது தாமரையும் இல்லை, ரோஜாவும் இல்லை. நம் ஊரில் இல்லாத ஏதோ ஒரு பூ. அந்தப் பூக்களை நான் கயிறு கட்டிக் கீழே இறக்கியிருக்கிறேன்.

அன்றைக்கே வேலாயுதத்திடம் வேலை கேட்டேன். கேட்டைத் திறப்பது, மூடுவது, கூட்டுவது. தங்க மாடிப்படிக்கு அடியில் இடம்.

இருட்டுச் சந்து

அந்தத் தூண்கள் முதலில் நின்றது சென்னையில், பாரிமுனைக்குப் பக்கத்தில்.

பெயர்ப்பலகையில் ஏதோ ஒரு வெள்ளைக்கார வியாபாரியின் பெயர் இருந்தது. பாதி எழுத்து உதிர்ந்துவிட்டது. சனங்கள் அதை இருட்டுச் சந்து என்றுதான் சொல்வார்கள். ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியே வரலாம். பகலிலும் குண்டு பல்பு எரியும்.

கட்டடம் இடிக்கிற கூட்டத்தோடு அப்போது திரிந்துகொண்டிருந்தேன். இடிப்பு வேலையில் ஒரு வசதி உண்டு. யாரும் உன்னிடம் படிப்பு கேட்க மாட்டார்கள். மூச்சில் சுண்ணாம்புத் தூசி ஏறும், ராத்திரி இருமுவோம், காலையில் சரியாகிவிடும். அந்தச் சந்தை இடிக்கப் போனபோது ஒரே ஒரு கடைக்காரர்தான் மிச்சம் இருந்தார். மூக்குக்கண்ணாடி ரிப்பேர் செய்கிற கரீம் பாய். அவருக்கு வேறு கடை கிடைத்துவிட்டது. போக மனம் வராமல் உட்கார்ந்திருந்தார்.

டீ குடிக்கிற நேரமெல்லாம் அவரிடம்தான் கதை கேட்போம்.

"இது விக்டோரியா ராணி காலத்து ஐட்டம் நைனா. இந்தத் தூணுங்கள இங்க செய்யல. சீமையில வார்த்து, ஒண்ணொண்ணுக்கும் நம்பர் போட்டு, கப்பல்ல கொண்டாந்து, இங்க முடுக்கி வச்சான். இன்னா, புரியுதா? கடை கட்டல அவன். கடையை ஏத்திக்கினு வந்து எறக்கினான்."

அவர் அப்பாவும் அதே கடையில்தான் கண்ணாடி பார்த்தாராம். அப்பாவுக்கு முன்னால் அது ஒரு தொப்பிக் கடை. எதிரே பியானோவுக்குக் கம்பி கட்டுகிறவர் இருந்தார். வண்டி வராத தெரு, தூசி வராத தெரு, வெயில் உச்சியில் இருந்தாலும் துரைசானிகள் குடையில்லாமல் நடந்த தெரு. அவர்களுக்காக வாசலில் ஒரு எனாமல் போர்டு: உள்ளே குடை விரிக்கக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது, விசில் அடிக்கக் கூடாது.

துரைகள் போனபிறகு தொப்பிக் கடை போயிற்று. பேனாக் கடை வந்தது. ஸ்டாம்பு விற்கிறவர், முத்திரை வெட்டுகிறவர், கல்யாணப் பத்திரிகை, ஜெராக்ஸ் என்று ஒன்றின் இடத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது. அளவு மட்டும் மாறவில்லை. அந்தக் கடைகள் ஒரு ஆள் உட்கார்ந்து, கையை நீட்டினால் எல்லாச் சாமானும் எட்டுகிற அளவு. எதிர்க் கடைக்காரர் தும்மினால் இவர் கேட்பார். எழுந்து போகாமலே ஊர்க்கதை பேசலாம். அதனால்தான் யாரும் காலி செய்யவில்லை என்றார் பாய்.

"இருட்டு எப்ப வந்துச்சு பாய்?" என்று கேட்டேன்.

"உலகச் சண்டை வந்துச்சே, அப்ப. மேலருந்து குண்டு போடுவான்னு பயந்துக்கினு கண்ணாடிக்கெல்லாம் தாரு பூசிட்டாங்கோ. சண்டை முடிஞ்சுது. தாரைச் சொரண்ட எவனும் ஏறல. எங்கப்பா சொல்லுவாரு. நான் பொறந்ததுலேர்ந்து இது இருட்டுதான்."

"ஒழுகுமா?"

"ஒரு சொட்டு ஒழுகுனதில்ல. வெளிய மொழங்கால் தண்ணி நிக்கும். இங்க ஈரம் இருக்காது. அந்தத் தண்ணி எங்கதான் போவுமோ, அல்லாவுக்குத்தான் தெரியும்."

கூரையில் முதல் கண்ணாடியை நாங்கள் கழற்றிய அன்று வெயில் நேராக அவர் மேசைமேல் விழுந்தது. பாய் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வெளிச்சத்தையே பார்த்தார். சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வெளிச்சம் அப்பவே இருந்திருந்தா என் கண்ணு போயிருக்காதே பா" என்றார். கோபமில்லை. எழுந்து, கடையைக் கூட்டிவிட்டு, அன்றைக்கே போய்விட்டார்.

தூண்களை இறக்கிப் படுக்க வைத்தபோது, உள்ளே எல்லாம் வெறும் கூடு என்று தெரிந்தது. சாய்த்துத் தட்டினால் கறுப்பாகச் சேறு கொட்டியது. சேற்றோடு கோலிக்குண்டு, காற்றாடிக் குச்சி, காக்கை எலும்பு, மக்கின வேப்பிலை. கை கையாக வேப்பிலை.

தூணுக்குள் வேப்பிலை எப்படி வந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. இரும்பை மிச்சம் பிடிக்க வெள்ளைக்காரன் உள்ளே வெற்றாக விட்டிருக்கிறான் என்று மேஸ்திரி சொன்னார். அது எங்களுக்குச் சரியாகப் பட்டது. காயலான் கடைக்காரர்கள் எடை போடக் காத்திருந்தார்கள். அப்போதுதான் ஒரு காரில் வேலாயுதம் வந்து இறங்கினார்.

நனையாமல் பார்த்த மழை

அவர் ஏன் வாங்கினார் என்று அன்றைக்கு எங்களுக்கு விளங்கவில்லை. கம்பெனிக்கு நிலம் கொடுத்தவர் கையில் காசு தங்காது, அது இப்படித்தான் போகும் என்று பேசிக்கொண்டோம். தூண், கூரை வளைவு, கேட், எனாமல் போர்டு உட்பட எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினோம். கப்பலில் வந்த தெரு டாரஸ் லாரியில் போயிற்று. நான் சூரத்துக்கு ரயில் ஏறினேன்.

இங்கே வேலைக்குச் சேர்ந்தபிறகு ஒருநாள் அவரே சொன்னார்.

"சின்னப் புள்ளையா இருக்கசொல்ல எங்க நைனா மெட்ராசுக்கு இட்டுக்கினு போனாரு. நல்ல மழை. அந்தச் சந்துல போய் நின்னோம். எல்லாக் கண்ணாடியும் தாரு. ஒரே ஒரு தாவுல மட்டும் ஒடைஞ்சு போயி, புதுசு மாட்டியிருந்தான். அதும்வழியா மழை கண்ணாடி மேல வந்து வுழுறத அண்ணாந்து பாத்துக்கினே நின்னேன். மழை மூஞ்சிக்கு நேரா வருது, ஆனா நனையல. எங்க வூடு ஓலை. மழைன்னா எங்களுக்கு சட்டி வைக்கிற வேலை. மழைய சும்மா பாக்கலாம்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும்."

அந்த ஒரு சதுரக் கண்ணாடிக்காகத்தான் ஒரு தெருவையே வாங்கியிருக்கிறார். ஆலைக்குக் கொடுத்தது போக மிச்சமிருந்த இந்த இடத்தில் அதை நட்டார். பக்கத்திலேயே கண்ணாடி ஆலை இருந்ததால் கூரைக்குப் புதுக் கண்ணாடி போட்டார். அறையில் நாலு பேர், ஐந்து பேர் என்று தங்கியிருக்கும் கம்பெனிப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் காலாற நடக்க ஒரு இடம் ஆயிற்று. வாங்க வருகிறவர்களைவிடச் சும்மா நடக்க வருகிறவர்கள் அதிகம். பழைய சந்தும் அப்படித்தான் இருந்ததாகப் பாய் சொல்லியிருந்தார்.

முதல் மழைக்கே ஒழுகியது. கண்ணாடி இடுக்குகளுக்கெல்லாம் பசை பூசினார்கள். அடுத்த வருஷம் இன்னும் அதிகமாக ஒழுகியது. ஒருவர் வந்து சரிவு போதாது என்றார். இன்னொருவர் வந்து கண்ணாடி சரியில்லை என்றார். வேலாயுதம் கூரையைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். வந்தால் தரையைப் பார்த்துக்கொண்டு வருவார்.

மூன்றே அளவு

எஸ்தர் உடன்குடிப் பக்கத்துப் பெண். முப்பதைத் தொடவில்லை. சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தவள். ஒப்பந்தம் முடிந்ததும் கூட இருந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். இவள் ஒரு பழைய தையல் மெஷினை வாங்கிப்போட்டுக்கொண்டு இங்கே உட்கார்ந்துவிட்டாள்.

கம்பெனி உடுப்பு மூன்றே அளவில் வரும். ஆட்கள் அப்படி வருவதில்லை. இடுப்பைப் பிடிக்கணும், கால் நீளத்தைக் குறைக்கணும், தோளை இறக்கணும். சில லைன்களில் பை இருக்கவே கூடாது, தைத்து மூடணும். வேறு கம்பெனிக்கு மாறினால் அங்கே பேனா வைக்கப் பை வேணும். மூடுவதும் திறப்பதும் எஸ்தர்தான். ஷிப்ட் மாறுகிற நேரத்தில் அவள் கடை வாசலில் கூட்டம் நிற்கும்.

மெஷின் பக்கத்தில் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத்தான் பேசுவாள். கை ஓயாது. ஊரிலிருந்து அண்ணன் அடிக்கடி கூப்பிடுவார். யார் காதிலும் விழும்.

"ஏட்டி, அங்க மழையா?"

"மழைதாம்ணே."

"கடைக்குள்ள தண்ணி வந்துட்டா?"

"வந்துட்டு."

"இந்த வருசத்தோட போதும். ஒழிச்சுக் குடுத்துட்டு வந்து சேரு. தண்ணிக்குள்ள ஒக்காந்து தைக்கணும்னு உனக்கு என்ன தலையெழுத்தா?"

"சரிண்ணே" என்பாள். மெஷின் நிற்காது.

ஒருநாள் நூல் கோத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "எங்கண்ணன் நல்லவன்தான் அண்ணாச்சி. ஊருக்குப் போனா சோறு போடுவாவ, கல்யாணம் பண்ணி வப்பாவ. ஒண்ணும் கொறையிருக்காது. ஆனா மறுபடி இங்க அனுப்ப மாட்டாவ. வேற எடத்துல கடை புடிக்க எனக்குத் தெம்பு கெடையாது. இந்தக் கடை இருக்கறவரைக்கும்தான் நான் இங்க."

அவள் கடைக்கு மட்டும் ஒரு தனி வியாதி. மற்றவர்களுக்குத் தண்ணீர் மேலேயிருந்து விழும். இவளுக்குத் தரையிலிருந்து ஊறும். டைல்ஸ் இடுக்கில் கொப்பளித்துக்கொண்டு வரும். பெடலுக்கு அடியில் இருக்கும் மோட்டார் ஒரு தடவை புகைந்தே போயிற்று. மேலேயிருந்து விழுந்தால் பிளாஸ்டிக் தாள் கட்டலாம். கீழேயிருந்து வந்தால் என்ன கட்டுவது?

தரையில் முளைத்த இலை

தீபாவளிக்குச் சில நாள் முந்தி மறுபடி மழை பிடித்தது. மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. வேலாயுதம் வந்தார். நேராக எஸ்தர் கடைக்குப் போனார். நான் துடைப்பத்தோடு பின்னாலேயே போனேன்.

"இன்னாம்மா, நீ மொதல்ல காலி பண்ணிக்கினா நல்லது. மத்தவங்களுக்கு அப்பால சொல்லிக்கலாம். ஒன் கடைதான் ரொம்ப மோசமா கீது."

"எல்லாருக்கும் மேலருந்து வருது. எனக்கு மட்டும் கீழருந்து வருது. நான் என்ன மொதலாளி செய்ய?"

"அது அந்தக் கடை ராசி."

எஸ்தர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற தூணில் சாய்ந்தாள். கன்னத்தை இரும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்து வேலாயுதம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. தூணுக்குள்ள வாய்க்கால் ஓடுத சத்தம் கேக்கு."

நான் காதை வைத்தேன். மதகு திறந்தாற்போல் சத்தம். பாதை நடுவில் ஒழுகுகிற தண்ணீரில் நனைந்துகொண்டே போய் அடுத்த தூணில் காதை வைத்தேன். ஊமை. அதற்கடுத்ததும் ஊமை.

திரும்பி வந்தபோது எஸ்தர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டைல்ஸ் இடுக்கிலிருந்து ஊறிய தண்ணீரில் ஏதோ ஒன்று தலை நீட்டியது. இழுத்தாள். ஒரு வேப்பிலை. இன்னும் பச்சை மாறவில்லை.

ஆர்கேடுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், கிளை கூரைமேல் கிடக்கும். கூரைமேல் விழுந்த இலை தரைக்கு அடியிலிருந்து வருகிறது. எனக்கு அந்தக் கறுப்புச் சேறு ஞாபகம் வந்தது. கோலிக்குண்டு, காக்கை எலும்பு, கை கையாக வேப்பிலை. எங்கதான் போவுமோ என்று கரீம் பாய் கேட்டதும் ஞாபகம் வந்தது.

"மொதலாளி, மெட்ராசுல இந்தத் தூணெல்லாம் உள்ள கூடா இருந்துச்சு. நான்தான் சாய்ச்சுக் கொட்டினேன். உள்ள பூரா இலை. மழைத்தண்ணி இதுக்குள்ளதான் எறங்கியிருக்கு. இப்ப இந்தத் தூண்ல மட்டும் எறங்குது. மத்ததுல சத்தமே இல்ல."

வேலாயுதம் என்னைப் பார்த்தார். மேலே பார்த்தார். மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு பாதையில் இறங்கினார். முதல் தூணில் தட்டினார். சுவரில் தட்டினாற்போல் இருந்தது. ஒவ்வொரு தூணாகத் தட்டிக்கொண்டே போய், அடுத்த வரிசையில் திரும்பி வந்தார். தலை, தோள் எல்லாம் நனைந்துவிட்டது. கடைசியில் எஸ்தரின் தூணில் தட்டினார். கோயில் அண்டாவில் தட்டினாற்போல் நீளமாக ஒலித்தது.

எஸ்தரின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"அட முருகா" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "ஓசில வந்துச்சுய்யா. ஓசில வந்துச்சு."

இந்தப் பக்கத்தில் கட்டடம் கட்டியவர்களுக்கு இது தெரியும். கம்பெனிகளுக்குத் தளம் போட கான்கிரீட்டைச் சுழற்றிக்கொண்டே லாரிகள் போகும். வேலை முடிந்ததும் அடியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதைத் திருப்பிக் கொண்டுபோனால் உள்ளேயே இறுகிவிடும். அதனால் டிரைவர்கள் வழியில் எங்கே கட்டடவேலை நடக்கிறதோ அங்கே கொட்டிவிட்டுப் போவார்கள். இந்த வட்டாரத்தில் பாதி வீட்டுத் திண்ணையும் மாட்டுக்கொட்டகைத் தரையும் கம்பெனித் தளத்தின் மிச்சம்தான்.

"தூணு நிக்க வச்ச அன்னிக்கு ஒரு லாரிக்காரன் வந்தான். மிச்சம் நெறைய கீது, எங்க கொட்டட்டும்னான். கொத்தனாரு சொன்னாரு, தூணெல்லாம் பொக்கையா கீது, அதுல ஊத்துங்க, கல்லு மாதிரி நிக்கும்னு. எனக்கும் அது நல்ல யோசனையாப் பட்டுது. கம்பெனிக்குப் போட்ட சரக்காச்சே! ஏணி போட்டு ஊத்துனோம். இந்தக் கடைசித் தூணுக்கு வரசொல்ல தீந்து போச்சு. இன்னொரு லாரி வந்தா பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

எஸ்தர் தூணைப் பார்த்தாள். "அப்ப இந்த ஒண்ணுதான் உயிரோட இருக்கா?"

நான் கடப்பாரை எடுத்துவந்தேன். தூணின் காலடியில் டைல்ஸைப் பெயர்த்தேன். எலி வளை அளவுக்கு ஒரு வாய், ஊற்றும் கான்கிரீட் வெளியேறாமல் சிமெண்டு பூசி அடைத்திருந்தது. சென்னையில் ஒவ்வொரு தூணின் காலிலும் அந்த ஓட்டை இருந்தது. கயிறு கட்ட வைத்திருப்பான் என்று நினைத்திருந்தோம். சிமெண்டை உடைத்ததும் தண்ணீர் பீறிட்டு என் முழங்காலில் அடித்தது. பிறகு வழி தெரிந்ததுபோல் வளைந்து, கடைவாசலைத் தாண்டி, கேட் பக்கமாக ஓடியது.

கொஞ்ச நேரத்தில் எஸ்தர் கடையின் தரையில் ஊறுவது நின்றது.

அப்போதுதான் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். அவள் கடைக்கு நேர் மேலே கூரை ஒழுகவில்லை. இத்தனை நாளும் ஒழுகியதில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மழை கண்ணாடிமேல் விழுந்து உடைந்து, ஓரத்துக்கு ஓடி, தூணுக்குள் இறங்கிக் காணாமல் போனது. வேலாயுதம் எழுந்து அதற்கு நேர்கீழே போய் நின்றார். கழுத்து வலிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். ஈரச்சட்டை உடம்பில் ஒட்டியிருந்தது. துடைத்துக்கொள்ள எஸ்தர் ஒரு வெட்டுத்துணியைக் கொடுத்தாள். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார், துடைக்கவில்லை.

"ஊத்தின கான்கிரீட்ட எடுக்க முடியாது" என்றார் மெதுவாக. "ஒவ்வொரு தூணுக்கும் வெளிய பிளாஸ்டிக் கொழாய் எறக்கணும். அசிங்கமா இருக்கும்."

"ஆஸ்பத்திரில மூக்குல கொழாய் வச்சிருக்கவனைப் பாத்து அசிங்கமா இருக்குன்னு யாராச்சும் சொல்லுவாவளா மொதலாளி?" என்றாள் எஸ்தர்.

"ஒனக்கு வாய் ஜாஸ்தி."

"வாய் அடைச்சிருந்தா என்ன ஆவும்னு இப்பதானே பாத்தோம்?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே நடந்தார். கேட்டருகே நின்று திரும்பினார்.

"ராசு, அந்த ஆஸ்டல்காரன் வந்தான்னா நான் கோயிலுக்குப் போயிருக்கேன்னு சொல்லு."

"எப்ப வருவீங்கன்னு கேட்டா?"

"அத்த முருகனைக் கேக்கச் சொல்லு."

குழாய் வைத்த தூண்கள்

தீபாவளிக்கு ஊருக்குப் போன கூட்டம் திரும்புவதற்குள் குழாய் வேலை முடிந்துவிட்டது. ஒவ்வொரு தூணையும் கட்டிக்கொண்டு ஒரு குழாய் இறங்கியது. தூணுக்கு அடித்த அதே பச்சையை அதற்கும் அடித்தார்கள். இருந்தாலும் குழாய் குழாயாகத்தான் தெரிந்தது. சீமையில் வார்த்தவன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வான். எஸ்தரின் தூணுக்கு மட்டும் குழாய் இல்லை. அடியில் வாய் திறந்து, அதற்கு ஒரு சின்னச் சாக்கடை வெட்டினோம்.

ஆஸ்டல்காரர் இரண்டு தடவை வந்தார். முருகனைக் கேட்கச் சொன்னேன். மூன்றாம் தடவை வரவில்லை.

கார்த்திகையில் பெரிய மழை பிடித்தது. நான் துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சும்மா நின்றேன். தள்ள ஒன்றுமில்லை. செல்போன் கடைக்குமேல் ஒரு குழாய் இணைப்பில் மட்டும் சொட்டியது. அதற்கு ஒரு வாளி வைத்தோம். ஷிப்ட் முடிந்து வந்த பெண்கள் கேட்டருகே குடையோடு தயங்கி நின்று, மேலே பார்த்துவிட்டு, மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வேலாயுதம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார்.

எஸ்தர் ஒரு நீலக் கால்சட்டையின் பையைத் தைத்து மூடிக்கொண்டிருந்தாள். மெஷின் தரையில் நின்றது. செங்கல் எல்லாம் வெளியே கிடந்தது. போன் அடித்தது.

"ஏட்டி, டி.வி.ல உங்க ஊரைத்தான் காட்டுதான். பேய் மழையாம்லா?"

"ஆமாண்ணே. நல்ல மழை."

"கடைக்குள்ள தண்ணி வந்துட்டா?"

எஸ்தர் பெடலிலிருந்து காலை எடுத்தாள். மெஷின் நின்றது. போனை எடுத்துத் தூணில் ஒட்டி வைத்துப் பிடித்தாள். உள்ளே தண்ணீர் இறங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டது, எனக்குக் கேட்டது, உடன்குடியில் அவள் அண்ணனுக்கும் கேட்டிருக்கும்.

"என்னட்டி அது, ஆறு மாதிரி கேக்கு?"

"தண்ணிதாம்ணே. வந்துட்டு, போய்க்கிட்டும் இருக்கு" என்றாள். போனை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி மிதிக்கத் தொடங்கினாள்.